தாழ்ப்பாள் உள்ள இடங்கள்

என்னுடைய பயணத் திட்டம் எப்போதும் கக்கூஸிலிருந்துதான் தொடங்கும். முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கோயில், நீர்வீழ்ச்சி, கடற்கரை, விமான நிலையம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு, தாழ்ப்பாள் உண்டா, வாளி உண்டா, தண்ணீர் வருகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதி முடித்த பிறகே பஸ்காரரிடம் பேசுவேன்.

மாத்தளை டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவம் பார்க்கிறவள் நான். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போய், வேலை முடிந்து வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடையில் பால் கொடுக்க வரும்போது கால் நீட்டி உட்கார்ந்து கொஞ்சம் பேசுவார்கள். யாருக்கு எந்த ஊரைப் பார்க்க ஆசை என்பது அவர்கள் வீட்டு ஆண்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆசைகளை வைத்துத்தான் வருடத்துக்கு இரண்டு தடவை, பெண்களுக்கு மட்டும் என்று ஒரு பஸ் பிடிக்கிறேன்.

இந்தப் பழக்கம் கோபத்தில் தொடங்கியது. முன்பு ஒரு தடவை தோட்டத்து ஆண்கள் சிலர் சேர்ந்து குடும்பம் குடும்பமாகக் கொழும்புக்கு ட்ரிப் போட்டார்கள். முதல் நாள் மத்தியானத்தோடு மற்றப் பெண்களெல்லாம் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பழகினவர்கள். நான் மட்டும் புத்தி இல்லாமல் கண்டியில் ஒரு பிளேன்டீ குடித்தேன். ஆண்களுக்கு எங்கே புல் உயரமாக இருக்கிறதோ அங்கே பஸ் நிற்கும். இறங்குவார்கள், வயலைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள், ஏறிக்கொள்வார்கள். நாங்கள் கேட்டால், "கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்திரும்" என்பார்கள். கேகாலையிலிருந்து கொழும்பு வரைக்கும் அந்த "இந்தா வந்திரும்" வந்துகொண்டே இருந்தது. மிருகக்காட்சிசாலையில் பிள்ளைகள் யானை பார்த்தபோது நான் கக்கூஸ் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொழும்பைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது அடிவயிற்று வலி மட்டும்தான். திரும்பி வரும்போது பயணத்தை ஏற்பாடு செய்தவர் மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் சந்தோசமா என்று கேட்டார். பெண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக பஸ் ஏறி வழி பார்க்கத் தொடங்கினேன். ஒரு சேலையைக் கட்டி, கையில் கொப்பியும் பேனாவும் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, "கக்கூஸ் எங்க இருக்கு, பாக்கலாமா?" என்று கேட்டால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? சீகிரியாவில் ஒரு கடைக்காரர் என்னை சுகாதாரப் பரிசோதகர் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் சிங்களத்தில் என்ன சொல்லியும் நம்பவில்லை. ஓடிப்போய் ஒரு சவர்க்காரம் வைத்தார், துவாலை தொங்கவிட்டார், எனக்கு டீயும் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். கொப்பியில் அவர் கடைக்கு நேரே "மிக நன்று" என்று எழுதினேன். அடுத்த மாதம் பெண்களோடு பஸ்ஸில் போய் இறங்கியபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பஸ் ஏறும் இடத்தில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஊர்சுத்தி. ஆண் ஊர் சுற்றினால் அவனுக்கு நாலு இடம் தெரியும் என்பார்கள். பெண் சுற்றினால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். என் வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னார்கள். அவர் த்ரீவீலர் ஓட்டுகிறவர். "நான் நாள் பூரா ஊர் சுத்தித்தான் சோறு தின்னுறேன். அவ ஞாயித்துக்கிழமை மட்டுந்தானே சுத்துறா?" என்றாராம். அவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசினால் இப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் ட்ரிப் போகும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு பெயர் எழுதி ஒட்டுவது வழக்கம். கோயில் பெயர், இளைஞர் கழகத்தின் பெயர், இல்லாவிட்டால் போகும் குடும்பத்தின் பெயர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்லேகமவுக்குப் போன அன்றைக்கு டிரைவர் ஒரு வெள்ளை மட்டையை நீட்டி என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார். நான் பேனாவை வாங்கிப் பெரிய எழுத்தில் "ஊர்சுத்திகள்" என்று எழுதினேன். ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரத்தோட்டையைத் தாண்டும்போது அவள்தான் முதலில் பாடத் தொடங்கினாள்.

மேலே ஏற ஏற வளைவுகளில் வயிற்றைப் புரட்டி நாலு பேர் சத்தி எடுத்தார்கள். உச்சியில் காற்று சேலைகளை இழுத்தது. அந்தப் பக்கம் இறங்கிப் பல்லேகமவில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் நிறுத்தினேன். வயல் செய்கிறவர். முதலே போய்ப் பேசி வைத்திருந்தேன். நாங்கள் போனபோது கக்கூஸுக்குப் போகும் வழியைக் கூட்டி, புதுச் சவர்க்காரம் வைத்து, கதவு சரியாகச் சாத்தாததால் உள்பக்கம் ஒரு சீத்தைத் துணியும் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் தன்னிடம் நீர்வீழ்ச்சிக்கு வழி கேட்பார்கள், இதைக் கேட்டு வந்தது நீ ஒருத்திதான் என்று அவர் சொன்னார். நாங்கள் அன்று ஆற்றங்கரையில் சோறு ஆக்கி அவருக்கும் கொடுத்துவிட்டு வந்தோம். யாரோ வழியில் அந்த மட்டையைப் படம் பிடித்திருக்கிறார்கள். அது போன் போனாக ஊர் முழுக்கப் போய்விட்டது.

அடுத்தது விமான நிலையம் என்று பிள்ளைமடுவத்தில்தான் முடிவானது. எங்கள் ஆட்களுக்குக் கட்டுநாயக்க புது இடம் இல்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களை வழியனுப்ப வேன் பிடித்து எல்லாரும் போய்வந்ததுதான். ஆனால் அங்கே போய் அழாமல் திரும்பியவள் ஒருத்தியும் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி சொன்னாள்: "ஒரு தடவயாவது யாரையும் அனுப்பாம, சும்மா நின்னு பிளேன் பாக்கணும்க்கா." அவ்வளவுதான். விமான நிலையம், பிறகு நீர்கொழும்பு கடற்கரை என்று எழுதினேன். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: யார் போகிறார்கள்? யாரும் போகவில்லை, நாங்கள் பார்க்கப் போகிறோம் என்றால் யாருக்கும் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவள் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். பையன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. சொந்தக்காரர் ஒருவர் மூலமாகப் பேச்சு வந்து, இரண்டு பேரும் போனில் பேசி, பிடித்தும் போயிருந்தது. அவர்கள் வீடு ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில். பையனின் அப்பா, அம்மா, பெரியப்பா மூன்று பேரும் வேனில் பெண் பார்க்க வந்தார்கள். அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

டீ கொடுத்தோம். பையனின் அம்மா தொடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். "வேணாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சேன்" என்றார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கொப்பி எழுதியவளுக்கு அது விளங்காதா? "வாங்கக்கா, பின்னுக்கு மிளகுக் கொடி நட்டுருக்கேன், காட்டுறேன்" என்று எழுப்பிக் கூட்டிப்போய், கக்கூஸ் கதவைத் திறந்து காட்டிவிட்டு நான் தள்ளிப்போய் நின்றேன். திரும்பி வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். உள்ளே வந்து இரண்டு கிளாஸ் தண்ணீரும் ஆறிப்போன டீயும் குடித்தார். மிளகுக் கொடியை அவர் பார்க்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா போன் செய்தார்.

"தங்கச்சி, புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒரு விசயம். இந்தப் பொம்பளைங்கள கூட்டிக்கிட்டு பஸ்ஸு புடிச்சு சுத்துறீங்களாமே. அத நிப்பாட்டிருங்க."

"ஏன்ண்ணே?"

"பஸ்ஸு போட்டோவ நானும் பாத்தேன். ஊர்சுத்தி வீட்டுலயா பொண்ணு எடுத்தீங்கன்னு நாளைக்கு நாலு பேரு கேட்டா நாங்க என்னா சொல்றது? நிப்பாட்டிட்டோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த மாசம் தட்டு மாத்த வர்றோம்."

பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கோபம் வந்தது, அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நான் பயந்துதான் போனேன். பஸ் இன்னொரு நாளைக்குக் கிடைக்கும். மகளுக்குப் பிடித்த பையன் இன்னொருவன் கிடைப்பானா? பயணத்துக்கு வரப்போகும் பெண்களே என்னிடம் வந்து, "விட்டுருங்கக்கா, பாப்பாவோட வாழ்க்க பெருசு" என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வலித்தது.

மகள் வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"ஒனக்கு அந்தப் பையன் வேணுமா?"

"வேணும்." தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அப்ப இந்தப் பயணத்த விட்டுறவா?"

சட்டையைப் பிழிந்து வாளியில் போட்டாள். "இன்னைக்கு ஒங்கள நிப்பாட்டுவாங்க. நாளைக்கு என்னைய வேலைக்குப் போகாதன்னு சொல்லுவாங்க. நீங்க இப்பவே சரின்னுட்டா, அப்ப நான் எத வச்சும்மா பேசுவேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். பையன் வேண்டாம் என்று அழவில்லை, வேண்டும் என்றுதான் அழுதாள். அதைப் பார்த்த பிறகும் நான் பயணத்தை நிறுத்தவில்லை. கல்நெஞ்சக்காரி என்று திட்டுகிறவர்கள் திட்டலாம். பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"பஸ்ஸு சொன்ன நாளைக்குப் போகும்ண்ணே."

"அப்ப நாங்க யோசிச்சுத்தான் சொல்லணும்."

"யோசிங்க. நாங்க யோசிச்சிட்டோம்."

அவர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு ஒன்பது நாளைக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. பையன் மட்டும் மகளுக்குப் போன் எடுத்து, பெரியப்பா சொன்னால் அப்பா மீற மாட்டார் என்று சொல்லியிருக்கிறான். பையன் நல்லவன்தான். ஆனால் நல்லவர்கள் வாயைத் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறார்கள். மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பாட்டைக் கிண்டிவிட்டு எழும்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பையனின் அம்மா.

"தங்கச்சி, பேசலாமா? நான் கோழிக்கூட்டுக்கிட்ட நிக்கிறேன்." குரல் அவ்வளவு தாழ்வாக இருந்தது.

சம்பந்தம் முறிந்தது என்று சொல்லத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"அந்த ஏர்போட் பயணம் போகுதா?"

"போகுதுக்கா."

"வழியில எத்தன எடத்துல நிப்பாட்டுவீங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. "ஒங்களுக்கு எத்தன எடத்துல வேணும்?" என்று கேட்டேன்.

அவர் கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"எங்க மகள மூணு தடவ வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கோம் தங்கச்சி. மூணு தடவையும் வேனு புடிச்சு எல்லாரும் போனாங்க. நான் போகல. எனக்கு வேனு ஒத்துக்காது, சத்தி வரும்னு சொல்லிட்டேன். சத்தி எல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு சீனி வியாதி. மணிக்கொருக்கா போகணும். ஆம்பளைங்க முன்னுக்குக் குந்தியிருக்கிற வேனுல, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது? லயத்து வீட்டு வாசல்லயே நின்னு அனுப்பிட்டேன். ஏர்போட்டு உள்ளுக்குப் போறப்ப அவ திரும்பித் திரும்பிப் பாத்தாளாம். நாந்தான் அங்க இல்லையே."

நான் பக்கத்தில் இருந்த குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வர்ற போயா அன்னைக்கு மத்தியானம் வந்து எறங்குறா. இந்தத் தடவ நான் வாசல்ல நிக்கணும். ஒங்க பஸ்ஸுல எடம் இருக்கா?"

எங்கள் பயணம் பௌர்ணமி விடுமுறையான அந்தப் போயாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஏற்பாடாகியிருந்தது. "எடம் இருக்கு. பஸ்ஸு போயா அன்னைக்குத்தான் போகுது" என்றேன். போனை வைத்த பிறகுதான் டிரைவரிடம் பேசி நாளை மாற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் குருநாகல், கிரியுல்ல, மினுவாங்கொட என்று வழி முழுக்க இறங்கி ஏறினேன். மணிக்கொரு இடம் வேண்டும். ஒரு பெற்றோல் செட்டில் நல்ல இடம் இருந்தது. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பூட்டியிருக்கும் கக்கூஸின் திறப்பைத் தன்னிடமே கேட்டு வாங்கலாம் என்று கடைக்காரரின் மனைவி சொன்னார். கிரியுல்லைக்குப் பிறகு ஒரு நீண்ட துண்டில் ஒன்றுமே இல்லை. மூன்று வீடுகளில் கேட்டேன். மூன்றாவது வீட்டில் சரி என்றார்கள். நிறுத்தங்கள் இரட்டிப்பானதற்கு எங்கள் பெண்களிடம் காரணம் சொல்லவில்லை. ஒருத்தியும் கேட்கவும் இல்லை.

போயா அன்று காலையில் பையனின் அம்மா முதல் பஸ்ஸில் தனியாக மாத்தளை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். நல்ல சேலை, கையில் ஒரு பை.

"வீட்டுல என்னா சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரும் அவரோட அண்ணனும் வேனுல வருவாங்க. நீங்க அதுல வாங்க, நான் பொம்பளைங்களோட பஸ்ஸுல போறேன்னு வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். எந்த பஸ்ஸுன்னு அவரு கேக்கல."

பிறகு நிமிர்ந்து முன்கண்ணாடியில் இருந்த மட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஊர்சுத்திகள். அவர் படித்து முடித்து, "எனக்கு ஜன்னல் ஓரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. முதல் நிறுத்தத்தில் தான் மட்டும் இறங்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பார் போல, தயங்கித் தயங்கி எழும்பினார். அதற்குள் பஸ்ஸில் இருந்த இருபத்திரண்டு பேரும் பேசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இறங்கிப்போய் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் போத்தலைத் திறந்து பாதியைக் குடித்தார். அதன் பிறகு அவரும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார்.

கட்டுநாயக்கவுக்குக் கிட்ட வந்தபோது ஒரு விமானம் தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி எல்லாரும் இறங்கி அண்ணாந்து பார்த்தோம். பிள்ளைமடுவத்தில் ஆசைப்பட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் புருஷனை அனுப்ப வந்தபோது இதே சத்தத்துக்கு அழுதேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீணாக ஊர் சுற்றுகிறோம் என்று சொல்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பைக் காட்ட வேண்டும்.

வருகிறவர்களுக்காகக் காத்து நிற்கும் கம்பி வரிசைக்குப் போனபோது பையனின் அப்பாவும் பெரியப்பாவும் அங்கே நின்றார்கள். பையனின் அம்மா எங்கள் நடுவில் நிற்பதைப் பெரியப்பா பார்த்தார். நேரே என்னிடம் வந்தார்.

"இது என்னா வேல தங்கச்சி? யாரக் கேட்டுக் கூட்டியாந்தீங்க?"

"அவங்களத்தான் கேட்டேன்" என்றேன். பெரியப்பா கழுத்தை நிமிர்த்தி, இனி இந்த வீட்டோடு பேச்சே இல்லை என்று ஆரம்பித்தார். என் மகளின் முகம் எனக்கு முன்னால் வந்தது. ஆனாலும் நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது கதவு திறந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெட்டி ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மெலிந்த பெண் வந்தாள். முதலில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கினாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து கம்பிக்கு மேலாகக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நீங்க எப்பிடிம்மா வந்தீங்க? ஒங்களுக்குத்தான் வேனு ஒத்துக்காதே."

அவர் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, பெரியப்பாவைத் தாண்டி நீட்டி, என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"சம்பந்தியம்மா கூட்டியாந்தாங்க" என்றார்.

அந்த வார்த்தையை அவர் யாரையும் கேட்டுச் சொல்லவில்லை.